மின்னலைப் பிடிக்க எந்த கேமரா?



நம் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு முன்னாள் மாணவர் அண்ணன்மார் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கால வானத்தைப் படம் பிடித்துச் சேகரிக்க ஒரு சின்ன கேமரா வாங்க வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவானது. அதுவரை எல்லாரும் ஒரே பேச்சு. எந்த கேமரா என்று கேட்டதும்தான் சண்டை!

"மெகாபிக்சல் அதிகமா இருக்கணும்" என்றது ஒரு கட்சி. "ஜூம்தான் முக்கியம், நிலாவையே கிட்ட காட்டும்" என்றது இன்னொரு கட்சி. "கேமராவே எதுக்கு? வீட்டுல போன் இருக்கே, அந்தக் காசுக்கு டெலஸ்கோப் வாங்கலாம்" என்றது மூன்றாவது கட்சி. அடுத்த வெள்ளிக்கிழமை கை தூக்கி முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் என் கட்சியையும் எழுதி ஒட்டிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டலாம், பாராட்டலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. 9-ஆம் வகுப்பில் படித்தோமே, கார்திரள் மேகம், அதேதான். கீழே தட்டையாக, மேலே பூக்கோஸ் மாதிரி. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் மின்னல் போன பிறகுதான் படம் விழுந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நின்றேன். திடீரென்று கண்ணெல்லாம் வெள்ளை. அதே நொடியில் வானமே உடைந்த மாதிரி சத்தம். ரெண்டு வீடு தள்ளி இருந்த தென்னையில் இடி இறங்கியிருந்தது. குருத்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் டி.வி., ஃபேன் எல்லாம் போச்சு. நான் எப்படிக் கீழே வந்தேன் என்று இன்னைக்கும் ஞாபகம் இல்லை.

அம்மா அடிக்கவில்லை. போனை வாங்கிப் படங்களைப் பார்த்தார். மொத்தம் 31 படம். எல்லாம் கறுப்பு, கைப்பிடிச் சுவர், மங்கலான தெருவிளக்கு. "இதுக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து யோசித்ததன் முடிவு இதுதான்: மின்னல் படத்துக்கு நல்ல கேமரா என்றால், நம்மை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டுத் தானே வேலை செய்யும் கேமரா. மெகாபிக்சலும் ஜூமும் அதற்கு அப்புறம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பார்த்த பிறகு அழுத்தினால் கிடைக்காது

ஒரு மின்னல் வெட்டு என்பது நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், ஒரே பாதையில் அடுத்தடுத்து ஓடும் சில பாய்ச்சல்கள். எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் அரை விநாடிக்குள் முடிந்துவிடும். கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, விரல் அழுத்தவே கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகும். அதற்குமேல் சின்ன கேமரா ஃபோகஸ் பார்க்கிறேன் என்று கொஞ்சம் யோசிக்கும். அதற்குள் மின்னல் அதன் ஊருக்குப் போய்விடும். என் 31 கறுப்புப் படங்களின் ரகசியம் இதுதான்.

சரி, வேறு வழி? மழைக்கு ஓடு ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு சொட்டுக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமா? ஒழுகுற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். கேமராவும் அப்படித்தான். ஷட்டரைப் பத்து, பதினைந்து விநாடி திறந்தே வைத்துவிட வேண்டும். அதற்குள் வெட்டுகிற மின்னல் தானாக வந்து பதிந்துவிடும். விழவில்லை என்றால் அடுத்த பதினைந்து விநாடி. அவ்வளவுதான் வித்தை!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 15 விநாடி திறந்திருந்தாலும் மின்னல் கோட்டின் பிரகாசம் மாறாது. ஏனென்றால் மின்னல் தன் வெளிச்சம் முழுவதையும் ஒரு கணத்தில் கொட்டிவிடுகிறது. மாறுவது பின்னால் இருக்கும் வானமும் தெருவிளக்கும்தான். கோட்டின் பிரகாசத்தை மாற்ற வேண்டுமானால் லென்ஸ் துவாரத்தையோ ஐஎஸ்ஓ எண்ணையோதான் மாற்ற வேண்டும். ஐஎஸ்ஓவைக் குறைந்த எண்ணிலேயே (80 அல்லது 100) வைக்கலாம். மின்னலுக்கு வெளிச்சப் பஞ்சமா என்ன?

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. *ஷட்டர் நேரத்தை நாமே வைக்க முடியுமா?* மேலே உள்ள வட்டத் திருகில் 'எம்' என்ற எழுத்து இருக்க வேண்டும். குறைந்தது 15 விநாடி வரை போக வேண்டும். சின்ன கேமராக்களில் பாதிக்கு மேல் இங்கேயே தோற்றுவிடும். மழையில் நனைந்தாலும் கெடாது என்று விற்கும் கேமராக்களைப் பார்த்து நானும் மயங்கினேன். ஆனால் அவற்றில் பலவற்றில் ஷட்டரை நம் இஷ்டத்துக்கு இவ்வளவு நேரம் திறந்து வைக்க முடியாது. நாம்தான் மழையில் நிற்கப் போவதில்லையே!

2. *ஃபோகஸை நாமே வைக்க முடியுமா?* இருட்டு வானத்தில் தானியங்கி ஃபோகஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். வெகுதூரத்துக்கு என்று நாமே நிறுத்திவைக்க வழி வேண்டும்.

3. *எவ்வளவு அகலமாகப் பார்க்கும்?* பெட்டியின் மேல் 24, 28, 35 என்று ஏதாவது ஒரு எண்ணில் மி.மீ. கணக்கு போட்டிருக்கும். எண் குறையக் குறையப் பார்வை அகலம். 35 என்றால் பக்கவாட்டில் சுமார் 54 டிகிரி. 28 என்றால் சுமார் 65. 24 என்றால் சுமார் 74. நம் பக்கத்துக் கார்திரள் மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். அது பக்கத்தில் வந்து நிற்கும்போது 35-இல் பாதிதான் அடங்கும். எனவே 28 அல்லது அதற்குக் கீழே.

4. *தொடாமல் திரும்பத் திரும்ப எடுக்குமா?* இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மெகாபிக்சல் கட்சிக்கு

நம் சுவரில் ஒட்டும் படம் அதிகபட்சம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. அதற்கு 8 மெகாபிக்சலே தாராளம். எத்தனை புள்ளி என்பதைவிட அந்தப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் பலகை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சாதாரண சின்ன கேமராவின் சென்சார் சுமார் 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் 20 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் குறையும். படம் மணல் தூவிய மாதிரி இருக்கும்.

'1 இன்ச் சென்சார்' என்று ஒன்று உண்டு. பெயரில்தான் 1 இன்ச். அளந்தால் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. ஆனாலும் பரப்பில் சாதாரண சென்சாரைப்போல நான்கு மடங்கு. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 அந்த வகை. அந்தி வானத்தின் மங்கிய நிறங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் அது அருமையான கேமரா. இதை மறுக்க மாட்டேன். ஆனால் விலை நம் கைக்கு எட்டாது. மின்னலுக்கு அது அவசியமும் இல்லை. குறைந்த ஐஎஸ்ஓவில் எடுக்கும்போது சின்ன சென்சாரே நன்றாகத்தான் எடுக்கிறது.

ஜூம் கட்சிக்கு

நிலாவைக் கிட்ட காட்டும், சரி. மின்னல் அடுத்து எங்கே வெட்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் அங்கே ஜூம் பண்ணுங்கள். தெரியாதவர்கள் வானத்தை முழுசாகத்தான் எடுக்க வேண்டும். ஜூம் இருந்தால் குற்றம் இல்லை. ஜூமுக்காகக் காசு கொடுக்கக் கூடாது என்கிறேன்.

போன் கட்சிக்கு

இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகல் மேகத்துக்குப் போன் போதும். சில போன்களில் ஷட்டரை 30 விநாடி வரைகூட வைக்கலாம். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டு வரக் கூடாது. ஆக, போன் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே படம் எடுக்கும் வாய்ப்பு. மன்றத்தின் கேமரா என்றால் நோட்டில் கையெழுத்துப் போட்டு யாரும் எடுத்துப் போகலாம். ரெண்டு, புயல் வரும் ராத்திரியில் அப்பாவின் போனை ஜன்னலில் ரெண்டு மணி நேரம் வைக்க எந்த வீட்டில் விடுவார்கள்? கடலுக்குப் போனவர்களை விசாரிக்க வேண்டும், சொந்தக்காரர் கூப்பிடுவார்கள். மூன்றாவது, கரண்ட்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நான் நாலாம் வகுப்பு. லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. கம்பங்கள் சாய்ந்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜெனரேட்டர் இருந்த வீட்டில் போன் சார்ஜ் போட வரிசையில் நின்றோம். கிடைத்த சார்ஜ் பேசவே பத்தவில்லை. அந்த நாட்களின் வானம் எப்படி இருந்தது, காற்று திரும்பும்போது மேகம் எந்தப் பக்கம் ஓடியது என்று எங்கள் தாத்தா வாயால் சொல்வார். காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. விழுந்த மரத்தைத்தான் எல்லாரும் எடுத்தார்கள். வானத்தை யாரும் எடுக்கவில்லை.

அதனால்தான் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவு செல்லில் ஓடும் கேமராவைக் கேட்கிறேன். பெட்டிக்கடையில் கிடைக்கும். கடிகாரத்துக்கான சாதா செல் கேமராவில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது உண்மை. அல்கலைன் செல் அல்லது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் செல் நாலு வாங்கி, மழைக்கு முன்பே ஏற்றி வைத்துவிட்டால் கவலை இல்லை.

என் ஓட்டு எதற்கு?

2010-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்130 ஐஎஸ். இப்போது புதிதாக வருவதில்லை. பழையதுதான் வாங்க வேண்டும். ரெண்டு கடிகார செல். 28-இல் தொடங்கும் லென்ஸ். 'எம்' உண்டு. 15 விநாடி ஷட்டர். 12 மெகாபிக்சல். ஜூம் கட்சிக்காரர்கள் அழ வேண்டாம், 12 மடங்கு ஜூமும் இருக்கிறது!

பழசா என்று முகம் சுளிக்காதீர்கள். 2010-இல் மட்டும் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் சின்ன கேமராக்கள் கடைக்கு வந்தன. 2023-இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே. எல்லாரும் போனுக்கு மாறிவிட்டார்கள். அதனால் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இந்த மாதிரி கேமராக்கள் தூங்குகின்றன. யார் கண்டது, நம் பள்ளி வாத்தியார் வீட்டிலேயே ஒன்று தூங்கலாம். (சார், கோபித்துக்கொள்ளாதீர்கள்!)

இந்த கேமராவை நான் பிடித்துக்கொண்டு நிற்க இன்னொரு காரணம், நாலாவது கேள்வி. சிஎச்டிகே என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கம்பெனி செய்தது அல்ல. ஆர்வலர்கள் சேர்ந்து பழைய கேனான் சின்ன கேமராக்களுக்காக எழுதியது. நம் கம்ப்யூட்டர் லேபில் மெமரி கார்டில் ஏற்றிவிடலாம். கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். இதை வைத்து 'படம் எடு, மறுபடி எடு, மறுபடி எடு' என்று கேமராவிடம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். காட்சியில் மாற்றம் தெரிந்தால் தானே சொடுக்கும் வசதியும் உண்டு. அதை மின்னலுக்கென்றே பலர் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். நீண்ட நேரப் படம் எடுத்ததும் இந்த கேமராக்கள் அதே அளவு நேரம் மூடிக்கொண்டு ஒரு 'இருட்டுப் படம்' எடுக்கும். படத்தில் உள்ள புள்ளிகளை நீக்கத்தான். ஆனால் அந்த 15 விநாடியில் அழகான மின்னல் ஒன்று வெட்டினால் போச்சு! சிஎச்டிகே வழியாக இதையும் நிறுத்திவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நாம் கடற்கரைப் பக்கம். உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்க வைக்கும். லென்ஸை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் வேண்டாம். செல் போடும் இடத்தில் பச்சை படிந்திருந்தாலும் வேண்டாம். லென்ஸ் சத்தமில்லாமல் உள்ளே வெளியே போக வேண்டும். ஒரு 15 விநாடி படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் வெள்ளை மேகத்தையும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் பெட்டிகளில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

பகலில் மேகம் எடுக்க ஒரு சின்னக் குறிப்பு: கேமராவுக்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கும் குணம் உண்டு. கறுத்த மேகத்தைக் காட்டினால் வெளுப்பாக்கிவிடும், மேலே உள்ள வெள்ளைக் கோபுரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சத் திருத்தத்தை ஒரு படி மைனஸ் பக்கம் தள்ளுங்கள். மேகத்தின் மடிப்புகள் அப்படியே வரும்.

கேமராவுக்கு முன்னால் விதி

கேமரா வாங்கினால் அதோடு இந்த விதிகளையும் மன்ற நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

1. மின்னல் படம் கட்டிடத்துக்குள் இருந்துதான். மொட்டை மாடி, வயல், கடற்கரை, மரத்தடி கூடவே கூடாது.

2. மேகம் தூரத்தில் இருக்கும்போதே கேமராவை ஜன்னல் உள்பக்கத் திட்டில், மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் வைத்துவிட வேண்டும். சின்ன கேமரா என்பதால் லென்ஸ் ரெண்டு கம்பிக்கு நடுவே பார்க்கும். ஓட விட்டதும் அறையின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொடக் கூடாது. இடி நின்ற பிறகுதான் கேமராவை எடுக்க வேண்டும்.

3. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வரச் சுமார் 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கேமரா இன்னும் வைக்கவில்லையா? அன்றைக்கு விட்டுவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே போகக் கூடாது.

4. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். பொறுப்பாசிரியர் தம் போனில் வைத்துக்கொண்டால் நல்லது.

5. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், திசை, இடம் நோட்டில் எழுத வேண்டும். இது இல்லாத வானப் படம் காலண்டர் படம்தான்.

நம்ம படத்துக்கு என்ன மதிப்பு?

"இதெல்லாம் எடுத்து என்னடி பண்ணப் போறே?" என்று வகுப்பில் கேட்டார்கள். உலக வானிலை அமைப்பு மேகங்களுக்கென்று ஒரு சர்வதேச அட்டவணை வைத்திருக்கிறது. 2017-இல் அதைப் புதுப்பித்தபோது 'ஆஸ்பெரிடாஸ்' என்ற மேக வகையைப் புதிதாகச் சேர்த்தார்கள். கடல் அலையைக் கீழிருந்து பார்ப்பது போல இருக்கும் மேகம். 2006-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எடுத்த படம் உட்பட, சாதாரண மனிதர்கள் எடுத்து அனுப்பிய படங்கள்தான் அதற்குத் தூண்டுகோல். அதற்காக இடிக்கு நடுவே நிற்கத் தேவையில்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இருந்தது, கையில் கேமரா இருந்தது, அவ்வளவே. நாமும் பத்து வருஷம் தொடர்ந்து ஐப்பசி வானத்தை எடுத்து வைத்தால், நமக்குப் பின்னால் இந்தப் பள்ளிக்கு வரும் தம்பி தங்கைகள் அதை விரித்துப் பார்க்க முடியும். கஜாவுக்கு எங்கள் வீட்டில் இல்லாமல் போன படம் அவர்களிடம் இருக்கும்.

எனவே வெள்ளிக்கிழமை கை தூக்கும்போது எண்களைப் பார்த்துத் தூக்காதீர்கள். 'எம்' இருக்கிறதா, 15 விநாடி இருக்கிறதா, 28 இருக்கிறதா, கடிகார செல் போடலாமா, தொட்டுக்கொண்டு நிற்காமல் எடுக்குமா என்று கேட்டுவிட்டுத் தூக்குங்கள். அடுத்த மழைக்கு அம்மா "இதுக்கா?" என்று கேட்டால், அறை நடுவே பாயில் உட்கார்ந்தபடி, "ஆமாம்மா, இதுக்குத்தான்" என்று ஒரு படத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன்.



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
அறிவியல் மன்ற உறுப்பினர்.

பி.கு.: யார் வீட்டிலாவது பழைய கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். காசு மிச்சமானால் டெலஸ்கோப் கட்சிக்கு என் ஆதரவு உண்டு!